இரு மோட்டார்கள்

அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற மோட்டார் வண்டிகள் இரண்டினை இன்று ஒப்பிட்டுக் காண்போம்.

1953இல் பிறந்தது செவர்லே கார்வெட்: இரண்டே இருக்கைகள், கண்ணாடியிழை உடல், ஆறு சிலிண்டர் எஞ்சின். அதற்குப் போட்டியாக 1955ஆம் ஆண்டுக்கென வந்தது ஃபோர்டு தண்டர்பேர்டு: அதற்கும் இருக்கை இரண்டே, ஆயின் எஃகு உடல், எட்டு சிலிண்டர் எஞ்சின். அவ்வாண்டு உருவான தண்டர்பேர்டுகள் 16,000க்கு மேல், கார்வெட்டுகளோ 700தான்!

எனினும் கார்வெட் கைவிடப்படவில்லை. அதற்கும் எட்டு சிலிண்டர் எஞ்சின் வாய்த்தது. தண்டர்பேர்டு 1958இல் நான்கு இருக்கை கொண்ட சொகுசு வண்டியாகி, மேலும் விற்றது. கார்வெட் தன் இரு இருக்கைகளை விடவில்லை.

2005இல் தண்டர்பேர்டின் உற்பத்தி நின்றது. கார்வெட் இன்றும் உருவாகிறது. சந்தைக்கேற்ப மாறி வென்றது ஒன்று. இயல்பு மாறாது நிலைத்தது மற்றொன்று. இவற்றுள் எதனை வெற்றி என்போம்?