அங்குலத்தில் அடங்கிய வீடு



மணலிலே சிறுமியர் சிற்றில் இழைத்து விளையாடுவதும், சிறுவர் ஓடிவந்து அதனைக் காலாற் சிதைப்பதும் நம் இலக்கியங்களிற் பலகாலும் பேசப்பட்ட காட்சிகள். ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றில் சிதைத்தலை ஒரு பருவமாகவே வகுத்துப் பாடினார்கள். மணலால் இழைத்த அந்த வீடு ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் நிலைப்பதில்லை. அதே சிற்றிலை மரத்தாலும் பளிங்காலும் வெள்ளியாலும் இழைத்து, நூற்றாண்டுக் கணக்காகக் காத்து வைக்கும் மக்களும் உலகில் இருக்கின்றார்கள். அத்தகையோர் கூடிய ஒரு கண்காட்சியையும், அதனையொட்டி நடந்த ஒரு பயிற்சி வகுப்பையும் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்திலே நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே நான் கற்றுக்கொண்டதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

மகளைப் பார்ப்பதற்காகச் சென்றிருந்தேன். "பொம்மை வீட்டுக் கண்காட்சி ஒன்று நடக்கிறது, வாருங்கள் அப்பா" என்று அவள் அழைத்தபோது, குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் விற்கும் சந்தை என்றே எண்ணினேன். மண்டபத்தினுள் நுழைந்ததும் அந்த எண்ணம் மாறிவிட்டது. குழந்தைகள் மிகச் சிலரே இருந்தனர். நரைத்த தலையினரான ஆடவரும் பெண்டிரும் நெற்றியிலே பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை மேசையாகக் குனிந்து நின்றனர். ஒரு மேசையில் விரல் நகத்தின் அளவான பாண் துண்டுகள்; இன்னொன்றிலே மெழுகிட்ட நூலாற் பின்னிய கூடைகள்; வேறொன்றிலே இழுப்பறைகள் யாவும் திறந்து மூடக்கூடிய அலுமாரி. ஓரிடத்திலே ஒரு குயவர் உண்மையான சக்கரத்திலேயே களிமண்ணை வைத்து, ஊசி முனையால் வாய் விரித்து, சுண்டுவிரல் நுனியில் நிற்கத்தக்க பானைகளை வனைந்துகொண்டிருந்தார். அவரைச் சுற்றி முப்பது பேர் மூச்சடக்கி நின்றார்கள்.

இப்பொருள்கள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் அளவுத்திட்டம் உண்டு. உண்மைப் பொருளில் ஓர் அடியாக இருப்பது இங்கே ஓர் அங்குலமாகும். ஏழடிக் கதவு 7 அங்குலம். 18 அங்குல உயரத்தில் அமைந்த நாற்காலியின் இருக்கை ஒன்றரை அங்குலம். மூன்றங்குலக் கோப்பை கால் அங்குலம். எல்லாரும் இந்த ஒரே அளவைக் கைக்கொள்வதால், ஒருவர் செய்த மேசை மற்றொருவர் செய்த அறைக்குப் பொருந்துகின்றது. முன்பின் அறியாத இருவருடைய உழைப்பு ஒரே வீட்டிற் கூடிவாழ்கின்றது.

இது நேற்றுத் தோன்றிய ஆசையன்று. ஜெர்மனியின் நூரம்பேர்க் நகரில் அன்னா கோஃபெர்லின் என்ற பெண்மணி ஒரு பொம்மை வீட்டை அமைத்து, 1631ஆம் ஆண்டிலே கட்டணம் பெற்று மக்களுக்குக் காட்டினார். வீடு நிருவகிக்கும் முறையை இளையோர் இதனைப் பார்த்துக் கற்கலாம் என்று ஓர் அறிவித்தலையும் அச்சிட்டு வழங்கினார். அந்த வீடு இன்று இல்லை. அச்சிட்ட அந்தத் தாளே எஞ்சியிருக்கின்றது. ஒல்லாந்திலே பெற்றொனெல்லா ஊர்ட்மன் என்ற சீமாட்டி ஏறத்தாழ 1686 முதல் 1710 வரை அமைத்த வீடு அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலையில் இன்றும் உள்ளது. அதற்குச் செலவான பணத்துக்கு அந்நகரின் கால்வாய்க் கரையில் மெய்யான வீடொன்றையே வாங்கியிருக்கலாமாம். அதன் பீங்கான் கலங்கள் சீனத்திலிருந்து தருவிக்கப்பட்டவை. அரசர்களின் மாளிகைகள் பற்றி ஏடுகள் பலவுண்டு. ஒரு வணிகர் குடும்பம் எந்த மாடத்திலே துணி உலர்த்தியது, சமையலறையில் எந்தக் கலம் எங்கே இருந்தது என்பதை அறிய விரும்பும் வரலாற்றாசிரியன் இத்தகைய பொம்மை வீட்டின் முன்னே வந்து நிற்க வேண்டியவனாகின்றான்.

இங்கிலாந்தின் மேரி அரசியாருக்காக எட்வின் லட்டியன்ஸ் என்ற கட்டிடக்கலைஞர் அமைத்த வீடு 1924இல் நிறைவுற்று, அவ்வாண்டே வெம்பிளியிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் குழாய்களில் நீர் வரும், விளக்குகள் எரியும், நூலகத்திலே எழுத்தாளர் பலர் எழுதிய சின்னஞ்சிறு நூல்கள் உள்ளன. இன்று அது வின்ட்சர் கோட்டையிலே வைக்கப்பட்டிருக்கின்றது.

இவற்றையெல்லாம் கேட்டறிந்த உற்சாகத்திலே, மகளின் தூண்டுதலால், ஒருநாட் பயிற்சி வகுப்பொன்றிற் சேர்ந்துகொண்டேன். எண்மர் இருந்தோம். ஆசிரியர் முதியவர், வாழ்நாள் முழுவதும் தளபாடம் செய்து, ஓய்வுபெற்ற பின்னர் இச்சிறு வேலையில் இறங்கியவர். முதுகிலே குறுக்குச் சட்டங்கள் கொண்ட எளிய நாற்காலி ஒன்றை மாலைக்குள் செய்து முடிப்பதே எங்களுக்குரிய பணி.

அவர் முதலிலே கற்பித்தது, சிறிதாக்க இசையாத பொருள்கள் எவை என்பதாகும். மரத்தின் இழை ஓட்டம் நாம் சொன்னதற்காகச் சிறுத்துவிடாது. ஆகவே இழை தெரியாத நெருக்கமான மரத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். பேரி மரம் ஏற்றது என்றார். துணியும் அப்படியே. நீளம், அகலம், உயரம் மூன்றும் 12இல் ஒரு பங்காகும்போது எடை 1728இல் ஒரு பங்காகிவிடுகின்றது. எடை குன்றிய திரைச்சீலை தானாகத் தொங்காது. காற்றிலே விறைத்து நிற்கும். அதனால் மெல்லிய துணியைப் பசையில் நனைத்து, மடிப்பு மடிப்பாக ஊசி குத்தி உலரவிடுகின்றார்கள். சிறு கோப்பையில் இட்ட நீர்த்துளியோ ததும்பாமல் மணிபோலத் திரண்டு நிற்கும். அதனாற் கோப்பையிலே தேநீர் காட்ட விரும்புவோர் நிறமூட்டிய பிசினை வார்க்கின்றார்கள்.

பின்னர் வேலை தொடங்கியது. சாவணத்தாற் பிடித்து, அரத்தாளால் தேய்த்து, குண்டூசி முனையாற் பசை தடவி நான்கு கால்களை நிறுத்தினேன். ஒரு மயிரிழையளவு பிழை ஒரு காலில் நேர்ந்தது. உண்மையான நாற்காலியில் அப்பிழை எவர் கண்ணுக்கும் தெரியாது. இங்கோ நாற்காலி நொண்டியது. தேய்த்தேன், மறுபுறம் நொண்டியது. ஆசிரியர் அருகே வந்து பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை. எங்கள் எல்லாரையும் நோக்கி ஒரு கேள்வி கேட்டார்: "இன்று காலை உணவுக்கு அமர்ந்தீர்களே, அந்த நாற்காலியின் முதுகிலே எத்தனை சட்டங்கள் இருந்தன?"

எண்மரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. "கை பழகிவிடும். கண் பழகுவதுதான் நாட்செல்லும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மறுநாள் சிக்காகோ கலை நிலையத்துக்குச் சென்றேன். நார்சிஸா தோர்ன் என்ற பெண்மணி 1932 முதல் 1940 வரை தேர்ந்த கைவினைஞர்களைக் கொண்டு அமைப்பித்த அறைகளில் 68 அங்கே உள்ளன. அவற்றினுள் மனித உருவங்கள் இல்லை. பலகணி வழியே ஒளி வீழ்கின்றது; மேசையிலே மூக்குக் கண்ணாடி கிடக்கின்றது; யாரோ இப்பொழுதுதான் எழுந்து சென்றார் என்ற எண்ணம் நமக்கு உண்டாகின்றது. முந்திய நாள் நான் சும்மா பார்த்திருப்பேன். அன்றோ ஒவ்வொரு நாற்காலியின் சட்டங்களையும் எண்ணிக்கொண்டு நின்றேன்.

அதே சிக்காகோவிற் பிறந்த மற்றொரு பெண்மணி, பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ, இக்கலையைச் சற்றும் எதிர்பாராத ஒரு துறைக்குப் பயன்படுத்தினார். 1940களில் அவர் அமைத்த சிற்றறைகள் ஐயத்துக்குரிய மரணங்கள் நிகழ்ந்த இடங்களைக் காட்டுவன. இறந்தவரின் காலுறையைக் குண்டூசிகளைக் கொண்டே பின்னினார். பொலிஸ் அதிகாரிகள் அவற்றின்முன் நின்று, எதனையும் தொடாமல், கண்ணால் மட்டும் துருவி உண்மையை உணரப் பழகினார்கள். அவற்றுள் 18 அறைகள் பால்ற்றிமோர் நகரில் மரண விசாரணை மருத்துவ அலுவலகத்திற் பேணப்பட்டுவந்திருக்கின்றன. தவறிப்போன ஒரு சிறு குறிப்பினால் குற்றவாளி தப்பலாம், குற்றமற்றவர் சிறைப்படலாம். அதிகாரிகளுக்குக் கண் பழகவேண்டிய தேவை அத்துணைப் பெரிது.

நேயர்களே, எனக்கும் ஒரு தேவை இருந்தது என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். வலிகாமம் வடக்கிலே என் பெற்றோர் வாழ்ந்த வீட்டைவிட்டு 1990ஆம் ஆண்டிலே புறப்பட்டோம். பல ஆண்டுகளின் பின் அந்நிலத்தை மீண்டும் கண்டபோது, கிணறும் அத்திவாரத்தின் ஒரு பகுதியுமே அங்கிருந்தன. அவ்வீட்டின் படமொன்றும் எங்களிடம் இல்லை. அன்றிரவு ஒரு தாளை எடுத்து, ஓர் அடிக்கு ஓர் அங்குலமாக, அம்மாவின் அடுக்களையை வரைய முற்பட்டேன். முப்பதாண்டுக்கு மேலாக உண்டு வளர்ந்த இடம். ஆயினும் யன்னல் எந்தப் பக்கம் என்று என்னாற் சொல்ல இயலவில்லை.

மூத்த தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அக்கா, குசினி யன்னல் கிழக்கிலேயோ, வடக்கிலேயோ?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "வடக்கிலே, தம்பி. அதுக்குக் கீழேதான் அம்மி. திருவலைக்கு ஒரு கால் கட்டை; அம்மா ஓட்டுத்துண்டு ஒன்றை அடியிலே வைச்சுத்தான் தேங்காய் திருவுவா. உனக்கு ஞாபகம் இல்லையோ?" என்றார். எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. அவர் சொன்ன பின்னரே, அந்தத் திருவலை ஆடும் ஓசை என் செவியில் வந்து ஒலித்தது. அன்று இரண்டு மணிநேரம் பேசினோம். உறி எங்கே தொங்கியது, மூடற்பெட்டி எந்தத் தட்டில் இருந்தது, வாசற்படி எத்தனை விரற்கடை உயரம் என்று ஒவ்வொன்றாக அவர் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன்.

இப்பொழுது என் மேசையிலே பத்தங்குல நீளமும் எட்டங்குல அகலமும் கொண்ட ஓர் அடுக்களை இருக்கின்றது. மூன்று சுவர்கள் எழுந்துவிட்டன. திருவலையை மட்டும் இரண்டுமுறை செய்து எறிந்தேன். மூன்றாவது ஒருவாறு அமைந்தது. அதன் காலைக் கட்டையாகச் செய்வதிலே எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அதன் அடியில் ஒரு சிறு ஓட்டுத்துண்டையும் வைத்திருக்கின்றேன்.

உங்களிற் பலருக்கு இவ்வளவு பொறுமையும் ஓய்வும் இல்லாதிருக்கலாம். சிறு நாற்காலி செய்யும்படி நான் உங்களைக் கேட்கவில்லை. ஓர் அடிமட்டமும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியும் எவர் வீட்டிலும் இருக்கும். பாட்டியார் இன்னும் சமைத்துக்கொண்டிருக்கும் அடுக்களை ஒன்று உங்கள் வீட்டில் இருக்குமானால், வருகின்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் சென்று அதனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். யன்னல் எந்தத் திசையில் உள்ளதென்று எழுதுங்கள். அம்மி எங்கே கிடக்கின்றது, அது ஏன் அங்கே கிடக்கின்றது என்று பாட்டியாரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் விடையையும் அருகிலே எழுதி வையுங்கள்.