சிறு விரல்களும் கத்தரிக்கோலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அது கடல் போன்ற பொருள். நான் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தில்லிவாழ் தமிழராகிய நமக்கு அது அண்டை ஊர்ச் சரக்கு. மீரட்டுக் கத்தரி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் வீடுகளிலோ அது பீரோவின் மேல்தட்டில் ஒளிந்திருக்கிறது. "தொடாதே" என்பதே குழந்தை அதைப் பற்றிக் கேட்கும் முதற் சொல்.

கத்தரியைக் கொடுக்குமுன் விரல்களில் வலுவேற வேண்டும். சப்பாத்தி மாவைக் கிள்ளி விளையாடட்டும். பழைய செய்தித்தாளைக் கிழிக்கட்டும். மூன்று வயதளவில் முனை மழுங்கிய சிறு கத்தரி கொடுக்கலாம். மாவைப் பாம்பு போல் உருட்டித் தந்தால் நறுக்கிக் காய்கறிக் கடை வைப்பார்கள். மெல்லிய தாள் வேண்டா, மடங்கும். பழைய கலியாணப் பத்திரிகையை விரலகல நாடாவாக்கிக் கொடுங்கள். ஒரே நறுக்கில் துண்டு விழும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! நான்கு வயதில் நேர்கோடு. வட்டத்துக்கு ஐந்து, ஆறு ஆகலாம். கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க வேண்டும். நகத்தில் குங்குமப் பொட்டு வைத்து, "பொட்டு வானத்தைப் பார்க்கட்டும்" என்றால் போதும். வட்டம் வெட்டுகையில் தாளைப் பிடித்த கைதான் திரும்ப வேண்டும்.

உட்கார்ந்தே வெட்டட்டும், நாமும் அருகிருப்போம். தலைமயிரும் திரைச்சீலையும் விலக்கு என முன்னரே சொல்லிவிடுங்கள். என் வீட்டுத் திரைச்சீலை இதற்குச் சாட்சி.

ஒன்றை வெட்கத்தோடு சொல்கிறேன். என் இளைய மகன் இடக்கைப் பழக்கமுள்ளவன். அவன் வெட்டினால் தாள் அலகுகளுக்கிடையே மடங்கிக்கொள்ளும். "கவனமில்லை" என்று கடிந்தேன். கத்தரியை வலக்கைக்கு மாற்றினேன். இடக்கை ஆகாது என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. அழுதபடியே வெட்டினான், பிறகு கத்தரியைத் தொடவேயில்லை. குறை அவனிடம் இல்லை. சாதாரணக் கத்தரியின் அலகுகள் வலக்கை அழுத்தும்போது நெருங்குமாறு அமைந்தவை. இடக்கையில் அவை விலகும். மேலலகு கோட்டையும் மறைக்கும். அலகுகள் மாறி அமைந்த இடக்கைக் கத்தரி தனியே கிடைக்கிறது. இதை நான் அறிந்தபோது அவன் கல்லூரிக்குப் போய்விட்டான்.

இன்று அவன் மகளும் இடக்கைக்காரி. அவளுக்கு அந்தக் கத்தரி வாங்கியாயிற்று. சென்ற நவராத்திரியில் எங்கள் கொலுவுக்கு வண்ணத்தாள் தோரணம் அவள் வெட்டியதுதான். கோணலாகத்தான் இருந்தது, மாற்றிக் கட்ட அவன் ஒப்பவில்லை.