யப்பானிய அரங்கில் ஒரு மொங்கோலிய மல்லர்



யப்பானியரின் சூமோ மற்போரில் எடைப் பிரிவுகள் இல்லை. களிமண் மேடையிலே ஏறக்குறைய 15 அடி விட்டமுள்ள வட்டத்துள் இருவர் மோதுவர். வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவரும், பாதமொழிந்த பிற உறுப்பு மண்ணிற் படப்பெற்றவரும் தோற்றவராவர். ஆயின், 'யோக்கோசுனா' என்னும் தலைமைப் பட்டத்துக்கு வெற்றி மட்டும் போதாது. பண்புடைமையும் வேண்டும் என்பது அவர்தம் மரபு.

அப்பட்டத்தை அணிந்தவருள் ஒருவர் ஹக்குஹோ. இவர் 1985 இல் மொங்கோலியத் தலைநகராகிய உலான் பட்டோரிற் பிறந்தவர். தந்தையார் 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக் மற்போரில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். எனினும், 2000 ஆம் ஆண்டில், 15 வயதிலே யப்பான் சென்ற மைந்தரின் நிறை 62 கிலோகிராம் மாத்திரமே. மெலிந்த அச்சிறுவரை ஏற்கப் பயிற்சிக்கூடம் எதுவும் முன்வரவில்லை. தாயகம் திரும்பவிருந்த தறுவாயில், அங்கிருந்த மூத்த மொங்கோலிய மல்லர் ஒருவரின் முயற்சியால் மியாகினோ என்னும் கூடம் இடமளித்தது.

தரவரிசையில் இடம்பெற்ற முதற் போட்டித் தொடரில் அவர் மூன்று முறை வென்று நான்கு முறை தோற்றார். ஆறே ஆண்டுகளில், 2007 இல், 69 ஆவது யோக்கோசுனா ஆனார். 2010 இல் தொடர்ந்து 63 போர்களில் வென்றார். 2021 இல் ஓய்வு பெற்றபோது 45 வெற்றிக் கிண்ணங்களும் 1187 வெற்றிகளும் அவர் பெயரில் நின்றன. இவ்விரண்டும் அதுவரை எவரும் எட்டாத உச்சங்கள்.

அவர்மீது குறை சொல்வாரும் இருந்தனர். கன்னத்தில் அறைந்தும் முழங்கையால் மோதியும் பொருதல் தலைமை மல்லருக்குத் தகாது என்றனர். விதி அதனைத் தடுக்கவில்லை, மரபோ பொறுக்கவில்லை.

பின்னர் அவரே அக்கூடத்தின் ஆசானானார். 2024 இல், அவருடைய மாணாக்கர் ஒருவர் இளையோரைத் துன்புறுத்தியமை வெளியாயிற்று. மேற்பார்வையில் தவறியமைக்காக ஹக்குஹோவின் பதவி தாழ்த்தப்பட்டது, கூடமும் மூடப்பட்டது. 2025 இல் அவர் சூமோச் சங்கத்தை விட்டு விலகினார்.

மாணவரைப் பயிற்றும் நம்மனோர்க்கு இவ்வரலாற்றில் இரு செய்திகள் உள. மெலிந்து நிற்கும் பிள்ளையை இன்றைய நிறைகொண்டு அளந்து ஒதுக்கலாகாது என்பது ஒன்று. தான் வெல்லுதல் வேறு, தன் கூரையின் கீழ் வாழும் இளையோரைக் காத்தல் வேறு என்பது மற்றையது. முன்னதைச் செய்து முடித்த பேராற்றலாளரும் பின்னதில் இடறினார். அக்காவலில் நாளும் விழித்திருத்தல் நம் கடன்.