இணையதளங்களில் நம் சொந்த விவரங்கள்: உழவர்கள் அறிய வேண்டியவை



விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்க்கிறோம். பூச்சிமருந்து வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்கிறோம். ஆனால் கைப்பேசியில் ஓர் இணையதளத்தைத் திறந்து பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைப் பதியும்போது, கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று நம்மில் பலர் பார்ப்பதில்லை. ஆகவே, இணையதளங்கள் நம் விவரங்களை எவ்வாறு திரட்டுகின்றன, எதற்குப் பயன்படுத்துகின்றன என்பதை இன்று காண்போம்.

தானாகப் பதிவாகும் விவரங்கள்

நாம் எதையும் எழுதாவிட்டாலும், இணையதளத்தைத் திறந்த உடனே சில விவரங்கள் அங்கே பதிவாகின்றன. நம் இணைப்பின் ஐ.பி. முகவரி, கைப்பேசியின் வகை, பார்த்த நேரம், பார்த்த பக்கங்கள் ஆகியவை இவற்றுள் அடங்கும். ஐ.பி. முகவரியைக் கொண்டு நாம் இருக்கும் பகுதியை ஏறத்தாழ அறியலாம்.

இதனுடன் 'குக்கி' என்னும் சிறு பதிவையும் இணையதளம் நம் கைப்பேசியில் வைக்கிறது. 1994ஆம் ஆண்டில் உருவான முறை இது. மந்தையில் கலந்துவிட்ட ஆட்டைக் காதிலுள்ள வெட்டைக் கொண்டு அறிவது போல, மீண்டும் வரும் கைப்பேசியை இணையதளம் குக்கியைக் கொண்டு அறிகிறது. குக்கியில் பெரும்பாலும் ஓர் அடையாள எண்ணே இருக்கும். அந்த எண்ணுக்குரிய பேரேடு நிறுவனத்திடம் இருக்கும்.

எல்லாக் குக்கியும் தீங்கானதல்ல. பக்கத்திற்குப் பக்கம் கடவுச்சொல் கேட்காமல் இருப்பது இதனால்தான். ஆனால் ஒரே விளம்பர நிறுவனம் பல தளங்களில் இடம்பெறும்போது, நாம் சென்ற இடங்களையெல்லாம் ஒன்றுசேர்த்துவிடுகிறது. இன்று ஓரிடத்தில் சொட்டுநீர்க் குழாயின் விலையைப் பார்த்தால், நாளை செய்தித் தளத்திலும் அதே விளம்பரம் வருவதற்குக் காரணம் இதுவே.

விவரங்களால் வரும் கேடு

விளம்பரத்தோடு நின்றால் பெரிய நட்டமில்லை. நமக்குப் பணமுடை என்று தெரிந்தால் மண்டியில் விலையைக் குறைத்துக் கேட்பார்கள் அல்லவா? இணையத்தில் நாம் கடன் தேடுகிறோம் என்பதும் அத்தகைய செய்தியே. படிவத்தில் தந்த விவரங்கள் மோசடிக்காரர் கைக்குப் போனால், நம் பெயர், ஊர், வங்கி அனைத்தையும் சரியாகச் சொல்லிப் பேசுவார்கள். அதிகாரிதான் பேசுகிறார் என்று நம்பி ஓ.டி.பி. எண்ணைக் கூறிவிட்டால், கணக்கிலிருக்கும் பயிர்க்கடன் தொகை பறிபோகும்.

சில கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள எண்களை எடுத்துக்கொண்டு, உறவினர்களை அழைத்து இழிவாகப் பேசியதும் உண்டு. எனவே, இத்தகைய செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று 2022ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி விதித்தது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. அரசுத் திட்டம் என்று வரும் முகவரி 'டாட் கவ் டாட் இன்' என முடிகிறதா எனப் பார்க்கவும். ஐயமிருந்தால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கவும்.

2. உதவித்தொகை பெறலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' கோப்பை நிறுவக் கூடாது.

3. வானிலை பார்க்க இருப்பிடம் கேட்பது சரி. தொடர்பு எண்களைக் கேட்டால் மறுத்துவிடவும்.

4. ஆதார் நகல் தர வேண்டிய இடத்தில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் ஏற்கப்படுமானால் அதையே தரவும்.

5. ஆதார் ஆணையத்தின் தளத்தில் விரல்ரேகையைப் பூட்டி வைக்கலாம். நியாயவிலைக் கடையில் ரேகை வைக்கும் முன் பூட்டை நீக்க வேண்டும்.

6. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவும். அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பணம் மாறுவதற்குள் தெரிவித்தால் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

சட்டம் தரும் உரிமை

2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதம் பெற்று விவரம் திரட்டுவோர் அதன் நோக்கத்தைக் கூற வேண்டும். அதைத் தமிழிலும் படித்தறிய வழிசெய்ய வேண்டும். தேவைக்கு மேல் கேட்கக் கூடாது. தந்த சம்மதத்தை நாம் திரும்பப் பெறலாம். விவரங்களைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இவை படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்துள்ளன.

உழவர் பெருமக்களே! சட்டம் இருந்தாலும், வெளியே போன விவரத்தைத் திரும்பப் பெறுவது அரிது. எனவே 'சம்மதம்' என்ற இடத்தைத் தொடும் முன், வீட்டில் படித்த பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். பத்திரத்தில் கையெழுத்திடும் முன் காட்டும் கவனத்தை இதிலும் காட்டிப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.