இலைக்கஞ்சியும் நம்முடைய தேத்தண்ணியும்

(மாதர் தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடந்த விடுமுறையில் நாங்கள் ஆசிரியர்கள் சிலர் ஒரு பயிற்சிக்காக யாழ்ப்பாணம் போய்வந்தோம். கோப்பாயில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா காலையில் தேத்தண்ணி தரவில்லை. பச்சை நிறக் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி, தேசிக்காய் பிழிந்து நீட்டினார். தேயிலை மலையிலிருந்து போன எங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்றாம் நாள் நாங்களே கேட்டு வாங்கிக் குடித்தோம்.

அதுதான் இலைக்கஞ்சி. வேலியில் படர்ந்த தூதுவளை, கிணற்றடியில் முளைத்த மணத்தக்காளி, முசுமுசுக்கை, வல்லாரை என்று அன்றைக்குக் கையில் அகப்பட்டதை முள் நீக்கி இடித்துச் சாறெடுக்கிறார்கள். அரிசியும் பயறும் வெந்தபின் தேங்காய்ப்பால், மிளகு, உப்பு. இறக்கும் நேரத்தில்தான் இலைச்சாறு.

தூதுவளையும் மணத்தக்காளியும் கத்தரிக் குடும்பத்துச் செடிகள். ஒன்று சிவப்பாகப் பழுக்கும், மற்றது கறுப்பாக. மணத்தக்காளி நமக்குப் புதிதல்ல. மலையில் பிள்ளைகள் மிளகுதக்காளி என்று பறித்துத் தின்பது அதுதான். பழத்தைப் பிள்ளைகளுக்கு விட்டோம், இலையைக் களை என்று பிடுங்கி எறிந்தோம். (பச்சைக் காயைப் பிள்ளைகள் தின்னவிடாதீர்கள், அதில் நஞ்சுண்டு.)

லயத்துக் கூரைத் தகரம் துருப்பிடிக்கிறது, வெட்டிய வாழைக்காய் கறுக்கிறது. இரண்டும் ஒட்சிசன் செய்யும் வேலை. உடம்புக்குள்ளும் அப்படியொரு தேய்மானம் நடக்கிறது. அதைத் தணிக்கும் பொருள்களை ஒட்சியேற்ற எதிரிகள் என்கிறார்கள். பச்சை இலைகளில் உள்ள விற்றமின் சீ, கரோட்டின், பொலிபீனோல் எல்லாம் அந்த வகை. கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், அதற்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது. விற்றமின் சீ அதிக நேரம் கொதித்தால் அழிந்துபோகும், சாற்றைக் கடைசியில் விடுவது அதற்கும் நல்லது. தேசிப்புளி இலையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

இனி நம்முடைய கதைக்கு வருவோம். தேயிலையிலும் பொலிபீனோல் நிறைய உண்டு. வெளிநாட்டில் அதைச் சொல்லித்தான் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். ஆனால் அதே பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்பைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். பத்து மணிக்கு மலையில் ரொட்டியும் சம்பலும், கையோடு போத்தலில் சாயத்தண்ணி. சாப்பிட்ட கொஞ்ச இரும்பும் வீண். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, அது நடக்காது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரத்தக்குறைவுக்குக் கிளினிக்கில் தரும் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். கஞ்சி குடிக்கிறோம் என்று குளிசையை நிறுத்தவும் கூடாது.

தூதுவளைத் தூள், அந்தத் தூள் இந்தத் தூள் என்று பைக்கற்றில் வருகிறது. நீரிழிவு போகும், புற்றுநோய் போகும் என்று எழுதியிருக்கும். ஆய்வுகூடக் குழாயில் இலைச்சாறு காட்டும் சக்தி வேறு, மனிதனின் நோய் மாறுவது வேறு. அரை நாள் சம்பளத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

மிக முக்கியமாக ஒன்று. மருந்தடித்த மலையில் கீரை பறிக்காதீர்கள். 2015இல் தடைசெய்த கிளைபொசேற்றை 2018இலேயே தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். பச்சையாக நிற்கும் இலை நேற்றுத்தான் மருந்து குடித்ததாக இருக்கலாம்.

அப்படியானால் எங்கே பறிப்பது? யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு வேலி இருக்கிறது, கிணற்றடி இருக்கிறது. நமக்கு லயத்து வாசலும் கானும்தான். 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நூற்றுக்குப் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், தோட்டப்புறத்தில் 32 பேர். இலையைச் சும்மா பறிக்கலாம், தேங்காயும் பயறும் சும்மா வராது. கீரை தின்றால் போதாதா, சம்பளம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சம்பளக் கோரிக்கையோடு, பிள்ளைக்காம்பராவைச் சுற்றி மருந்தடிக்காத தோட்ட நிலமும் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். தலைவியர் இன்று கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள்.

தூதுவளை வெயில் விரும்பி, கீழ்மலைக்காரர் முயன்று பார்க்கலாம். மேலே மணத்தக்காளியும் வல்லாரையும் நன்றாக வரும். பழுத்த மணத்தக்காளியைப் பிசைந்து காயவைத்த விதை பாடசாலையில் இருக்கிறது. சனிக்கிழமை பிரட்டு முடிந்தபின் பிள்ளைகளை அனுப்புங்கள்.