ஒரு சாண் புடவை



"மேடம், ஒரு ஃபார்மல் ஃபோட்டோ அனுப்பி வையுங்க." வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தச் செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. கருத்தரங்க அழைப்பிதழுக்குக் கேட்பார்கள், கல்லூரி இணையதளத்துக்குக் கேட்பார்கள், மருத்துவமனை வாசலில் மாட்டும் பலகைக்குக் கேட்பார்கள். கேட்டவுடன் நாம் ஃபோனைத் தடவுகிறோம். கடைசியாகப் போன கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று கண்ணில் படும். பக்கத்தில் நிற்கும் நாத்தனாரை வெட்டிவிட்டு அனுப்பிவிடுகிறோம். ஆனால் அவருடைய தோள் மட்டும் வெட்டுப்படாமல் ஓரத்தில் நிற்கும்.

தொழிலுக்கென்று ஒரு படத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வதே நல்லது. அதற்கு எதை உடுத்திக்கொண்டு போவது? இணையத்தில் தேடினால் பிளேசர் போடுங்கள், காலர் வைத்த சட்டை போடுங்கள் என்றுதான் பெரும்பாலும் வரும். புடவையிலும் சுடிதாரிலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதில் அதிகம் கிடைக்காது. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

இந்த மாதிரிப் படம் பெரும்பாலும் மார்போடு முடிந்துவிடும். நாம் கட்டியிருக்கும் ஐந்தரை மீட்டர் புடவையில், படத்துக்குள் வருவது தோளிலிருந்து ஒரு சாண்தான். முந்தானையில் மயில் நின்றாலும் யானை நின்றாலும் அது முதுகுப் பக்கம் போய்விடும். கொசுவம் வராது, கீழ்க்கரை வராது. அதனால் பீரோவிலேயே விலை உயர்ந்த புடவை எது என்று தேட வேண்டியதில்லை. மடிப்பு எடுத்தால் தோளில் படிந்து நிற்கிற புடவை எது என்று பாருங்கள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்திப் புடவை அப்படி நிற்கும். கோவை கோரா நிற்கும். ஷிஃபான் வழுக்கும், நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்துவிட வேண்டியிருக்கும். ஆர்கன்சா விறைத்துக்கொண்டு தோளை இரண்டு மடங்காகக் காட்டும். காஞ்சிப் பட்டு அழகுதான், ஆனால் அகலமான ஜரிகைக் கரை கழுத்தோரம் வந்து விளக்கொளியில் மின்னினால், பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். பட்டுதான் வேண்டும் என்றால் சின்னக் கரை, ஒற்றை நிறம் போதும். தோளில் குத்தும் பின்னை உள்பக்கமாகக் குத்திக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. புடவை இடது தோளில்தான் இருக்கிறது. வலது தோளில் ரவிக்கை மட்டுமே. ஆக, படத்தில் பாதி ரவிக்கை. புடவைக்கு நான்கு கடை ஏறி இறங்குகிற நாம், ரவிக்கையைத் தையல்காரர் கையில் கொடுத்துவிட்டு மறந்துபோகிறோம். கழுத்து சுருக்கமில்லாமல் படிகிறதா, கை முழங்கைக்குச் சற்று மேலே வரை வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். கையில்லாத ரவிக்கையில் தவறொன்றும் இல்லை. ஆனால் மார்போடு வெட்டிய படத்தில் வலது தோள் முழுக்க வெறும் சருமமாகத் தெரியும், உடையே கண்ணில் படாது. உட்காரும்போது இடது தோளைச் சற்றுக் கேமரா பக்கம் திருப்பினால் மடிப்புகள் முன்னால் வரும், படம் நிறைவாக இருக்கும். ஃபோனின் முன்பக்கக் கேமராவில் நீங்களே எடுத்துக்கொண்டால் இன்னொரு தொல்லை. சில ஃபோன்கள் படத்தை இடவலம் மாற்றியே சேமித்துவிடும். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது.

சுடிதார் போடுகிறவர்களுக்கு துப்பட்டாதான் பிரச்சினை. இரண்டு தோளிலும் பின் குத்தினால் பள்ளிக்கூட அடையாள அட்டை போல ஆகிவிடும். ஒரு தோளில் மடித்துப் போடுங்கள், அல்லது நல்ல கழுத்து உள்ள குர்த்தியாக இருந்தால் துப்பட்டாவே வேண்டாம்.

அடுத்தது நிறம். கேமராவுக்குப் புடவை தெரியாது, ஒளி மட்டும்தான் தெரியும். எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டே அது ஒளியை அளக்கிறது. தூய வெள்ளையில் போய் உட்கார்ந்தால் ஒளி மிஞ்சிவிட்டது என்று குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். முழுக் கறுப்பில் உட்கார்ந்தால் ஒளியைக் கூட்டிவிடும், முகம் வெளிறிப்போகும். புதிய ஃபோன்கள் முகத்தைக் கண்டுபிடித்து அளக்கின்றன. அப்போது முகம் தப்பிக்கும், வெள்ளைப் புடவை தன் நெசவெல்லாம் மறைந்து சுண்ணாம்புச் சுவராகிவிடும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எடுப்பாக நிற்பவை அரக்கு, மயில்கழுத்து, இலைப்பச்சை, பழுத்த மஞ்சள். கிளிப்பச்சையும் பளிச்சென்ற வாடாமல்லியும் ஆபத்தானவை. துணியில் பட்ட ஒளி தெறித்து, தாடைக்கு அடியில் அதே நிறத்தைப் பூசிவிடும். தலையில் ஹிஜாப் அணியும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் துணி முகத்தை ஒட்டியே இருக்கிறது. பளபளப்பில்லாத ஒற்றை நிறத் துணி நன்றாக அமையும்.

பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் வேண்டாம். டிஜிட்டல் கேமராவில் அவை அலை அலையாக நெளியும். செட்டிநாட்டுக் கண்டாங்கியின் பெரிய கட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய அநியாயத்தையும் சொல்ல வேண்டும். கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் புகைப்படம் அச்சிடும் கூடங்களுக்கு மாதிரி அட்டை ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதன்முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரால் அதை ஷெர்லி அட்டை என்றார்கள். அவருடைய சருமம் சரியாக வந்துவிட்டால் படமும் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்கள் விவரம் தெரியாமல் இருண்டு விழுந்தன. பல ஆண்டுகள் கழித்துத்தான் வெவ்வேறு நிறத்துப் பெண்கள் அந்த அட்டைக்குள் வந்தார்கள். ஆகவே பழைய படத்தில் உங்கள் அம்மா இருண்டு தெரிந்தால், குறை அவர் நிறத்தில் இல்லை.

சரி, பிளேசரா, புடவையா? இந்தக் கேள்வியை என்னிடம் இளம்பெண்கள் நிறையக் கேட்கிறார்கள். சென்னையில் பிறந்து பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியாக உயர்ந்த இந்திரா நூயிக்கு, யேல் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் கோடைகால வேலைக்கு நேர்காணல் வந்தது. கையில் பணம் குறைவு. 50 டாலருக்கு ஒரு சூட் வாங்கினார். அளவு பொருந்தவில்லை. அதைப் போட்டுக்கொண்டு போய்க் கூனிக்குறுகி நின்றார். அங்கே வேலைவாய்ப்புக்கு வழிகாட்டும் பெண் அதிகாரி கேட்டார்: உங்கள் ஊரில் என்றால் எதை உடுத்திக்கொண்டு போவாய்? புடவை என்றார். அப்படியானால் அதிலேயே போ என்றார் அவர். அடுத்த நேர்காணலுக்குப் புடவையில் போனார், அந்த வேலை கிடைத்தது. இதைக் கேட்டுவிட்டுப் புடவைதான் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த சூட் அவர் அளவுக்குத் தைத்ததில்லை, பழகியதும் இல்லை, அதுதான் கோளாறு. தினமும் பிளேசர் போட்டு வேலைக்குப் போகிறவர் பிளேசரில் எடுத்துக்கொள்ளட்டும். படத்துக்காகத் தோழியிடம் இரவல் வாங்கிய பிளேசர் தோளில் தொங்குவது எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் பின்னால் போனால், 1885 அக்டோபரில் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. அதில் மூன்று மாணவிகள் இருக்கிறார்கள்: மராட்டியத்திலிருந்து போன ஆனந்திபாய் ஜோஷி, ஜப்பானின் கெய் ஒகாமி, சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி. மூவரும் அவரவர் நாட்டு உடையில். வெள்ளைக் கோட்டும் இல்லை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் இல்லை. மருத்துவராகப் போகிறவர்கள் என்பதை அந்தப் பார்வையே சொல்லிவிடுகிறது.

சில தொழில்களில் தேர்வு நம் கையில் இல்லை. வழக்கறிஞர் என்றால் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும்தான். முகத்தை ஒட்டி ஒரே இடத்தில் அடர் கறுப்பும் தூய வெள்ளையும் வருவதால் படம் எடுப்பது சிரமம். ஃபிளாஷை நேராக அடிக்காமல், மென்மையான ஒளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர்கள் வெள்ளைக் கோட்டோடு வெள்ளைச் சுவர் முன்னால் நிற்க வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு வெள்ளைப் பின்னணிதான் விதி என்பதால், அங்கே போகும்போது கண்டிப்பாக வெள்ளை உடை கூடாது.

முகத்துக்கு வருவோம். பவுடரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் அடித்தால் முகம் மட்டும் வெளுத்து, கழுத்து தனி நிறத்தில் நிற்கும். மூக்குத்தி, ஜிமிக்கி, பொட்டு எல்லாம் தினமும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். மூக்கில் கல் மின்னினால் தலையை இம்மி திருப்பினால் போதும், கழற்ற வேண்டியதில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லையில் விளக்கு தெரிந்தால், காதுப்பக்கக் காம்பைச் சற்றே உயர்த்தினால் மறைந்துவிடும்.

எல்லாம் முடிந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது, ஸ்டூடியோக்காரர் கேட்பார்: "கொஞ்சம் கலர் ஏத்திடலாமா மேடம்?" சில இடங்களில் கேட்காமலேயே ஏற்றிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பருவை எடுக்கட்டும், அது ஒரு வாரத்தில் தானாகப் போவதுதான். நிறத்தில் கை வைக்க விடாதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டு உங்களைத் தேடி வருகிற நோயாளியோ, மாணவரோ, கட்சிக்காரரோ, அறைக்குள் நுழைந்ததும் உங்களை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஸ்டூடியோவுக்குப் போகும்போது மாற்றுடை ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். திருத்தாத மூலப்படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலை நரைத்த பிறகும் பழைய படத்தையே அனுப்பிக்கொண்டிருக்காமல், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை போய்ப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.