டிகிரி படிக்கணுமா? வரிசையை விட்டுடாதீங்க!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்க நம்மில் பலருக்கு ஆசை. "பணம் கட்டுங்க, ஒரே வருஷத்துல டிகிரி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அஞ்சல் வழியில் பி.ஏ. முடிக்கவும் 3 வருஷம் படிக்கத்தான் வேணும்.

இன்னொன்று முக்கியம். பத்தாவது, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தவெளி முறையில் வாங்கும் பட்டம் தமிழக அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009-லேயே அரசாணை வந்துவிட்டது. நாளைக்குச் சத்துணவு, அங்கன்வாடி வேலையில் பதவி உயர்வு வரும்போது பட்டம் கைகொடுக்காமல் போனால் பணமும் உழைப்பும் வீண்தானே? அதனால் விட்ட இடத்திலிருந்து தனித்தேர்வராக எழுதி முடிப்போம்.

அதற்கப்புறம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, இக்னோவோ சேரலாம். இக்னோவில் 3 வருஷப் படிப்பை முடிக்க 6 வருஷம் வரை அவகாசம் உண்டு. பிரசவம், அறுவடை என்று இடையில் நின்றாலும் தொடரலாம். சேரும் முன் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கா என்று கட்டாயம் விசாரிப்போம்.

கட்டணத்துக்குக் கந்துவட்டி வேண்டாம். வருஷா வருஷம் குழுவில் உள்கடன் கேட்போம். வட்டியும் நம்ம குழுவுக்கே வரும். படிக்க நினைப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு மார்க் ஷீட்டோடு வாங்க. சேர்ந்தே விண்ணப்பிப்போம்.